இரண்டு இஞ்சு மரியாதை

தையற்காரம்மா டேப்பைச் சுற்றினால் போதும், எந்தப் பெண்மணியின் இடுப்பும் அந்தக் கணமே இரண்டு இஞ்சு இளைத்துவிடும். உலகத்து வைத்தியர்கள் அத்தனை பேரும் கூடினாலும் செய்ய முடியாத அதிசயம் அந்தச் சின்னக் கடையில் தினமும் நடந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். டேப்பு முப்பத்தெட்டு காட்டினால் அவள் வாய் "முப்பத்தாறு" என்று பாடும். வெட்டுமேசையில் நிற்கும் கணவர் அதில் இரண்டைக் கூட்டிக்கொண்டு கத்தரியை ஓட்டுவார். உடுப்பு கச்சிதமாக அமையும். வந்தவளும் தரையில் கால் பாவாமல் போவாள். கடைக்குள் இதற்கு 'மரியாதை' என்று பெயர். கண்டுபிடித்தவள் அவளேதான்.

ஒரு காலையில் டாக்டரம்மா புதுக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். ஆனால் அவர் கண் தையற்காரம்மாவின் மேலேயே இருந்தது. பேச்சுக்கு நடுவே அவள் ஓர் ஏரியையே குடித்துவிடுவாள் போலத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விரலில் எப்போதோ ஊசி குத்திய புண் இன்னும் ஆறவில்லை.

"டேப்பை இப்படிக் குடுங்க. வயித்தை எக்காம நில்லுங்க."

"எனக்கெதுக்கு டாக்டரம்மா? கை காலைப் பாருங்க, குச்சி! எடை மெஷினும் பத்து வருஷமா ஒரே நம்பர்தான் காட்டுது. இடுப்பு முப்பத்திமூணு."

"நாப்பது."

"டேப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க!"

வெட்டுமேசையில் கத்தரி சட்டென்று நின்றது. ஊரையே அளப்பவளுக்குத் தன்னை அளந்துகொள்ள நேரமேது? அவளுக்கு அளவெடுத்துத் தைப்பது கணவர்தான்.

"ஏங்க, போன மாசம்கூட முப்பத்திமூணுன்னுதானே சொன்னீங்க?"

"அது... மரியாதைம்மா."

"எத்தனை இஞ்சு மரியாதை?"

"வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா. அந்த நம்பரைக் கேட்டா உன் முகம் மலரும். எனக்கு மனசு வரலை."

"ஏழு இஞ்சு மரியாதையை வயித்துல கட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்!"

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எகிறியிருந்தது; ரத்த அழுத்தமும் அதோடு போட்டி போட்டது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

"மாதவிடாய் நின்ன பிறகு கொழுப்பு வீடு மாத்திக்கும். தொடையில தங்கினது வயித்துக்குள்ள குடியேறும். தசை குறையும், கொழுப்பு கூடும். அதனாலதான் மெஷின் நம்பர் மாறல. அந்த வயித்துக் கொழுப்பு தூங்குற மூட்டை இல்லீங்க. கல்லீரலையும் குடலையும் சுத்தி உக்காந்து ராப்பகலா வேலை பாக்குது. ரத்தத்துல என்னென்னமோ கலந்துவிட்டு, இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்க விடாது. கவனிக்காம விட்டா இதயம், சிறுநீரகம், கண்ணு..."

"கண்ணா? அப்புறம் ஊசியில நூலை யாரு கோக்குறது?"

தையற்காரம்மா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஐம்பத்தாறு வருடம் சுமந்த உடம்பு புது ஊர்போலத் தோன்றியது. "எனக்கே தெரியாம எனக்குள்ள ஒரு ஃபேக்டரியா!" என்று வாய் பிளந்தாள்.

"அதைவிட ஆச்சரியம் கேளுங்க. நடந்தா, தசைக்கு வேலை குடுத்தா, பெரும்பாலும் முதல்ல கரையறதும் அதுதான்."

மாத்திரையோடு நடையும் தொடங்கியது. தம்பதி நடந்த வேகத்தில் தெருவே தேய்ந்து பள்ளமாகிவிட்டது. துணி மூட்டைகளை அவளே தூக்கினாள். சில மாதங்கள் கழித்துக் கணவர் டேப்பைச் சுற்றினார்.

"முப்பத்தியேழு."

"மரியாதையோடவா?"

"சத்தியமா மரியாதையே இல்லாம!"

புண் ஆறிய விரலால் அவர் கன்னத்தைக் கிள்ளினாள்.

அன்று மாலை பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, தன் அளவைக் கேட்டு முகம் சுளித்தாள். "என்னக்கா, முப்பத்தொன்பதா? போன தடவை முப்பத்தாறுன்னீங்களே!"

"ஒண்ணு நீ ஏத்தினது, ரெண்டு நான் மறைச்சது. முதல்ல டாக்டர்கிட்ட காட்டு, அப்புறம் துணியைக் குடு" என்றாள் தையற்காரம்மா. "சட்டை இறுக்கிப் பிடிச்சா நான் தையலைப் பிரிச்சு விடுவேன்டி. உடம்பை யாரு பிரிச்சு விடுவா? வயித்தளவை மறைக்கறது மரியாதை இல்ல. உள்ளதைச் சொல்றதுதான் மரியாதை."