பாஸ்டரின் உள்பாக்கெட்

நாற்பது நாள் உபவாசத்தை முடித்துவிட்டு, தைக்கக் கொடுத்த கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார் பாஸ்டர். பொத்தான் பூட்டவில்லை.

தையற்கடைக்காரி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. உபவாசத்துக்கு முந்தின நாள் அவளேதான் அளவெடுத்தாள், அவளேதான் வெட்டினாள். அவள் கத்திரி கைபிசகிப் பல வருஷம் ஆகிறது.

“துணி சுருங்கிருச்சா சிஸ்டர்?” என்றார் பாஸ்டர், வயிற்றை எக்கிக்கொண்டே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். இந்த வயிற்றை எதில் மறைப்பது?

அவள் ஊசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு டேப்பைச் சுற்றினாள். “இடுப்பு நாற்பத்திரண்டரை.”

அந்தக் கடையில் அவள் அளவைச் சொல்லுவாள், மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் அவள் கணவன் நோட்டில் எழுதுவான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் பேனாவைத் தொட்டதில்லை, அவன் டேப்பைத் தொட்டதில்லை. அவன் பழைய பக்கத்தைப் புரட்டினான். நாற்பது என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் புது எண்ணை எழுதினான்.

“உபவாசம் இருந்தா வயித்துல வாயு சேருமில்லீங்களா பாஸ்டர்?” என்று கரிசனமாகக் கேட்டான்.

“ஆமா பிரதர். சத்துரு பல விதத்துல தாக்குவான்.”

சத்துரு மூன்று வேளையும் தட்டு வைத்துத் தாக்கியிருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

கணவனுக்கு வலிப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொதிக்கும் இஸ்திரிப் பெட்டி மேலேயே விழுந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அதன் தழும்பு. காலையும் இரவும் மாத்திரை போடுகிறான். மூன்று மாதமாக வலிப்பு வரவில்லை. அந்த மூன்று மாதமாக பாஸ்டரும் அவன் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. புகழ் முழுக்கக் காக்கைக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் மேடையேறி, மாத்திரைகளைக் கூடையில் கொட்டிவிட்டு, ஜெபத்தால் குணமானதாகச் சாட்சி சொல்ல வேண்டுமாம். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவன் காதில் ஏறவேயில்லை. இன்று காலை மாத்திரைகூட, “இப்பவே பழகிக்கிறேன்” என்று அவன் விட்டுவைத்ததில், கடை மேஜைமேல் அப்படியே கிடந்தது.

ஒரு வாரமாகச் சண்டை போட்டாள். “உன் அவிசுவாசம்தான் என்னைப் பின்னால இழுக்குது” என்று ஒரே பதிலைச் சொன்னான். அந்தச் சொல்தான் அவளைக் குடைந்தது. ஒருவேளை பாஸ்டர் சொல்வது நிஜமாயிருந்து, தான்தான் குறுக்கே நிற்கிறோமோ? இந்த ஆளை நம்புவதா என்று யோசிக்க வேண்டி வந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது.

“சிஸ்டர், உள்பக்கமா ஒரு சின்ன பாக்கெட் வெச்சிருங்க. வெளிய தெரியக் கூடாது,” என்ற பாஸ்டர், சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வெட்டுமேஜைமேல் வைத்தார். “இது நுழையணும். மேடையில நிக்கறப்போ வேளை தவறிடக் கூடாது பாருங்க.”

தையற்காரர் முன்னால் பெரிய மனிதர்கள் கூச்சப்படுவதில்லை. அங்கே நிற்பதும் ஒரு ஆள் என்பதே அவர்களுக்கு மறந்துபோகும். அவள் அட்டையைப் பார்த்தாள். அவள் அண்ணன் தினமும் விழுங்குகிற அதே மாத்திரை.

வழக்கமாக நீளமும் அகலமும்தான் சொல்லுவாள். இன்று டேப்பை அட்டைமேல் வைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். “எழுதிக்குங்க. உள்பாக்கெட் ஒண்ணு. பிரஷர் மாத்திரை அட்டைக்கு. நீளம் அஞ்சு, அகலம் மூணு.”

பேனா ஓடும் சத்தம் பாதியில் நின்றது. பிறகு மெதுவாக மறுபடி ஓடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.

பாஸ்டர் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். “ஞாயித்துக்கிழமை மாத்திரையை மறந்துராதீங்க பிரதர். கூடை ரெடியா இருக்கும்.”

கணவனுக்குக் கிண்டல் தெரியாது. மனதில் பட்டதைத்தான் கேட்பான். “அப்ப உங்க மாத்திரையையும் அன்னிக்கே கூடையில போட்டுருவீங்கல்ல பாஸ்டர்? பாக்கெட் வேண்டாம்னு அடிச்சிரட்டுமா?”

பாஸ்டர் அவனைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் பத்திரமாகத் தள்ளினார்.

“பாக்கெட் இருக்கட்டும் பிரதர்.”

ஊருக்குத்தான் உபதேசம். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கணவன் தான் எழுதிய பக்கத்தை இன்னொரு முறை படித்தான். பிறகு எழுந்து, காலையிலிருந்து கிடந்த மாத்திரையை வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக ஊசிமெத்தையில் குத்தினாள்.

அவன் மூலையில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தான்.

“அந்தப் பாக்கெட்டுக்குப் பொத்தான் வேணுமா?”

“வைங்க. கெட்டியா வைங்க,” என்றாள். “அட்டை கீழ விழுந்துட்டா, பாவம், அந்த ஆளுக்கு ஜெபம் பண்ண யாரு இருக்கா?”