இரண்டாம் தரம்

அமெரிக்காவின் எடிசன் நகரில் சந்தானம் நடத்திய வாசனைப்பொருள் இறக்குமதிக் கம்பெனியில் வேலுமணி பரிசோதகராக இருந்தான். டோங்கா தீவிலிருந்து வரும் வெனிலாக் காய்களில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை உண்டா என்று பார்த்து, தரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை. காய்களை அனுப்பிய விவசாயிகள் சங்கத்துக்கு அமெரிக்காவில் இந்த ஒரு கம்பெனியை விட்டால் வேறு ஆள் கிடையாது. வேலுமணிக்கும் அப்படித்தான். அவனுடைய கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்தவர் சந்தானம். கம்பெனி மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நாள் இல்லை. விசாவின் ஆறு வருடம் 1999 ஜூலையோடு முடிகிறது.

மூன்று அறுவடையும் காய்கள் நன்றாகவே வந்தன. மூன்று முறையும் 'இரண்டாம் தரம்' என்று எழுதச் சொன்னார் சந்தானம். அந்த விலைக்கு வாங்கி, ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்கு முதல் தரமாக விற்றார். முதல் தடவை வேலுமணி தயங்கியபோது தோளில் கைபோட்டு, "வேலு, லாயர் உன் ஃபைலைக் கேட்டுட்டே இருக்கார்ப்பா. நான் அதுல சைன் பண்ணணும். நீ இதுல சைன் பண்ணு" என்றார்.

அந்த வருடம் பிப்ரவரியில், சின்னத் தீவு நாடுகளின் பொருட்களுக்காக நியூயார்க்கில் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு வந்திருந்த சங்கச் செயலாளர் மெலே, கம்பெனியையும் பார்க்க வந்தார். ஐம்பது வயதிருக்கும், குளிருக்குப் போதாத மெல்லிய கோட்டு. சந்தானம் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்து, நாலு இனிப்பான வார்த்தை பேசி, நூவர்க் ஏர்போர்ட்டில் விட்டுவரும்படி வேலுமணியை அனுப்பினார்.

"உங்கள் பெயர் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்" என்றார் மெலே காரில். "உங்கள் அறிக்கையை, காய் உலர்த்தும் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்."

வேலுமணி சிரிக்க முயன்றான்.

"ஈரம் அதிகம் என்று எழுதினீர்கள். வெயிலில் வைக்கும் நாட்களைக் கூட்டினோம். அடுத்த வருடம் மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டது என்றீர்கள். குறைத்தோம். இப்போது பாதிப் பேர் கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு போட்டுவிட்டார்கள். எங்கே தவறு செய்கிறோம்? சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்."

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையவில்லை. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. "டிராஃபிக் அதிகமா இருக்கு" என்றான். அவர் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிவைத்தபிறகுதான் கேட்டான். "கண்காட்சிக்குக் கொண்டுவந்த காய் மிச்சம் இருக்கா?"

கைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. அவன் ஒரு யூனிவர்சிட்டி லேபின் முகவரியைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தான். "இவங்களுக்கு அனுப்புங்க. அவங்க சொல்றதை நம்புங்க."

"அப்படியானால் உங்கள் அறிக்கை?"

"அதைச் சுவத்துல இருந்து எடுத்துடுங்க."

மெலே சீட்டை வாங்கி மடித்தார். நன்றி சொல்லவில்லை. அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி வான்மதி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, மொகமே செரியில்ல?" என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நின்றது.

"நம்ம பேப்பரு?"

"சந்தானம் சாருக்குத் தெரிஞ்சா போச்சு."

"எம்மெஸ்ஸி படிச்சுப்போட்டு ஆறு வருசமா இந்த அபார்ட்மென்ட்லயே உக்காந்திருக்கறனுங்க. கார்டு வரட்டும், வேலைக்குப் போலாம், கார்டு வரட்டும்னு..." சப்பாத்திக் கட்டையைத் தள்ளிவைத்தாள். "மூணு வருசமா இந்தப் பொய்ய என்ர கிட்டக்கூடச் சொல்லாம வெச்சிருந்தீங்களாக்கும்?"

மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் ஓவியா நிமிர்ந்து, "ஆர் வீ மூவிங், அப்பா?" என்றாள்.

ஏப்ரலில் சங்கத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. கலிஃபோர்னியாவில் வேறு ஆள் கிடைத்துவிட்டார், இனி உங்களுக்குக் காய் அனுப்புவதற்கில்லை என்று ஒரு பக்கம். லேப் அறிக்கை இன்னொரு பக்கம்: முதல் தரம்.

சந்தானம் அதை மேஜைமேல் வைத்தார். "ஏர்போர்ட் போற வழியில என்ன பேசினே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரும் ஒருவேளை நம்பியிருப்பார். "லேப் அட்ரஸ் குடுத்தேன் சார்" என்றான் வேலுமணி.

அவர் கத்தவில்லை. "உன்னை ஃபயர் பண்ணினா வெளியில போய் நாலு பேர்கிட்ட பேசுவே. பண்ண மாட்டேன். ஜூலை வரைக்கும் வா. உன் ஃபைலை மட்டும் லாயர்கிட்ட சொல்லி வித்ட்ரா பண்ணிடறேன்."

டெக்சாஸ் வரை பல கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணிப் பார்த்தான். விசாவில் மூன்று மாதம் மிச்சமிருப்பவனை யாரும் கூப்பிடவில்லை. தினமும் அதே கம்பெனி லேபுக்கே போய்வந்தான். மே மாதம் வேறொரு தீவிலிருந்து புதிதாகச் சரக்கு வந்தது. வேலுமணி பரிசோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதினான். சந்தானம் அவன் எதிரிலேயே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மேனேஜரிடம் வேறு எழுதி வாங்கினார். அடுத்த பெட்டிக்கும் அதே கதைதான்.

"இன்னிக்கு என்ன எழுதுனீங்க?" என்று வான்மதி கேட்டாள்.

"மொதத் தரம்."

"கிழிச்சுப்போட்டாரா?"

"ம்."

அவள் தட்டை அவன் முன் நகர்த்தினாள். "ஓவியாவுக்கு ஸ்கூல் ஜூன் இருபத்தஞ்சுக்கு முடியுதுங்க. ஊருக்கு டிக்கெட்ட அதுக்கப்புறமாப் போடுங்க" என்றாள்.