இமை ஆடாத ஒத்திகை

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு நாடகக்காரர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

“அக்கா, மாமாவுக்கு உசுரு எப்பப் போச்சுங்க?”

கிடத்தியிருந்த கணவரின் வேட்டி மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த செல்லாத்தாளிடம் தம்பி பொங்கியண்ணன் மறுபடியும் கேட்டான். காதில் போன். “ஜோசியரு லைன்ல இருக்காருங்க. நேரஞ் சொன்னாத்தான் அடைப்பு இருக்குதான்னு பாப்பாராமா.”

ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போயிருந்தால் அடைப்பு என்று அந்த அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். செல்லாத்தாளுக்கு அது பயமில்லை. நேரத்தைச் சொன்னால், அப்போது நீ எங்கே இருந்தாய் என்பார்கள். அவளோ அவருக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சொந்தபந்தமெல்லாம் தோட்டத்தை விற்றுப் பனியன் கம்பெனி வைத்தபோது மேடையேறியவர் தங்கராஜ். ஊர்க் கோயில் நோம்பி நாடகத்தில் பெண் வேஷம் கட்டித் தொடங்கி, பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகி, தான் இயக்கிய நாடகங்களோடு ஊர் ஊராகப் போனார். ஓய்வு பெற்றுத் திரும்பியதும், ஷிப்ட் முடித்து வரும் டெய்லர்களைச் சேர்த்து ஒரு நாடகம் ஆரம்பித்தார். அதில் கடைசியில் செத்துக் கிடக்கும் கிழவன் வேஷம் அவருக்கு. அத்தனை பேருக்குப் பாடம் சொன்னவருக்கு அது மட்டும் படியவில்லை. வீட்டில் கிடந்து பார்ப்பார். எழுந்து, செல்லாத்தாளிடம் “எப்புடி?” என்பார்.

“இமை ஆடுதுங்க. பொணத்துக்கு ஏதுங்க இமை ஆடறது?”

“நீதாம் புள்ள எனக்கு எக்ஸாமினரு. ஒருக்காவாச்சும் பாஸ் போடு.”

ஒத்திகையில் அவராக எழும்வரை யாரும் கூப்பிடக் கூடாது. ஒருமுறை மகள் ஜனனி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள் என்று அன்று முழுக்கப் பேசவில்லை.

இப்போது ஜனனி அம்மாவின் தோளைத் தொட்டாள். “சொல்லேம்மா. மாமன் கேட்டுட்டே நிக்குது.”

“காத்தால ஒத்திகைன்னு படுத்தாரு கண்ணு. நானும் பாத்துட்டே உக்காந்திருந்தேன். இமை ஆடவேயில்ல. இன்னிக்குத்தானுங்க சரியா வந்துருக்குது, எந்திரிங்கன்னேன்.” வேட்டி மடிப்பை மறுபடி இழுத்துவிட்டாள். “முன்னாடியே தொட்டுப் பாத்திருந்தா…”

ஜனனிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அது எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

“பாஸ் போட்டுட்டியாம்மா?”

“போட்டுட்டேன் சாமி.”

பின்னால் நின்ற பொங்கியண்ணனுக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. அக்காவைப் பார்த்தான். பிறகு போனில் சொன்னான்: “நேரந் தெரியலீங்க. இல்லீங்க, தனியா இல்லீங்க. அக்கா பக்கத்துலயேதான் இருந்துச்சு.”

ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. வாசலில் டெய்லர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

தங்கராஜின் கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டப் போன ஜனனியின் கையைச் செல்லாத்தாள் பிடித்துக்கொண்டாள். ஈ மெல்ல நகர்ந்து கண்ணோரம் வரை போனது. அவள் அந்த இமையையே பார்த்தாள்.

பிறகு கையை விட்டுவிட்டு, முந்தானையால் விசிற ஆரம்பித்தாள்.

உங்கள் வீட்டில் படுத்தவர்கள் எல்லாரும், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரட்டும் சாமிகளா.