அலை இல்லாத வெண்கலம்

சித்தப்பாவுக்குக் காது கிடையாது. டாக்டரிடம் காட்டும் கோளாறு இல்லை. இசைக் காப்பகத்தின் இயக்குநருக்கு இருக்கவேண்டிய காது இல்லை. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நான் அதை எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராதா?

தென்கிழக்காசியத் தீவொன்றில் மூன்று மாதம் அட்டைக்கடி பட்டு, ஊர் ஊராக வெண்கல வாத்தியங்களைப் பதிவு செய்தவள் நான். நோகாமல் நொங்கு தின்றவர் அவர். வெளிவந்த இசைத்தட்டில் 'களப்பதிவு' என்பதற்கு எதிரே அவர் பெயர். கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு?" என்றார். சித்தி எனக்கு இன்னொரு காபி ஊற்றினாள்.

இந்த வருஷம் அந்தப் பதிவுகளுக்காக அவருக்குப் பாராட்டு விழா. விழாவுக்கு முதல் நாள் ஒலிக்கூடத்துக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டு, முகம் சுளித்தார்.

"ரெண்டு வாத்தியமும் சுதி சேரல. ஒண்ணு கொஞ்சம் ஏறி நிக்குது பாரு. சரி பண்ணிடு."

அந்தத் தீவில் வாத்தியங்களை ஜோடியாகச் செய்வார்கள். ஒன்றை மற்றதைவிட மயிரிழை உயர்த்திச் சுதி வைப்பார்கள். சேர்ந்து தட்டும்போது ஒலி நடுங்கி அலையடிக்கும். அதுதான் உயிர். இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிய மனிதருக்கு இது தெரியவில்லை.

"சரிங்க சித்தப்பா," என்றேன்.

தனித்தனி மைக்கில் பிடித்திருந்ததால் ஒன்றை இறக்குவது பத்து நிமிட வேலை. என் பதிவை என் கையாலேயே கொன்றேன். மூலத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

விழாவின் முன்வரிசையில் அந்தத் தீவின் வாத்தியக்காரர் ஒருவர். அவரை அழைக்கச் சொன்னதும் நான்தான். பதிவு ஒலித்த அரை நிமிடத்தில் அவர் எழுந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இது எங்க வாத்தியமே இல்ல, செத்த சத்தம்னு சொல்றார். யார் பதிவு பண்ணினதுன்னு கேக்கறார்."

சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மைக்கைப் பிடுங்கினார்.

"நான் இல்லீங்க! நான் அந்தத் தீவுக்கே போனதில்ல. எல்லாம் இவதான், எங்க அண்ணன் பொண்ணு. மூணு மாசம் அங்க கிடந்து பதிவு பண்ணினது இவதான்!"

முந்நூறு பேர் திரும்பி, அரங்கின் பின்னால் ஒலிப்பலகையில் இருந்த என்னைப் பார்த்தார்கள். நான் மூலப்பதிவை ஓடவிட்டேன். வெண்கலம் அலையடித்தது. வாத்தியக்காரர் மெல்ல உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மேடையேறி, சித்தப்பாவின் காதருகே குனிந்தேன்.

"இப்ப நீங்க பேசினதையும் பதிவு பண்ணிட்டேன் சித்தப்பா. அதுக்கும் என் பேர்தான்."