பெரியப்பா மாட்டிய ஹீட்டர்

எங்கள் பெரியப்பா ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எந்தச் சீட்டை நீட்டினாலும் அதில் பாதியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். ஓய்வுக்குப் பிறகு அடிப்பதற்குச் சீட்டு கிடைக்காமல் அவருக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் வீட்டுக்கு வெந்நீர் ஹீட்டர் வாங்கும் பேச்சு வந்தது.

பேச்சு வந்ததற்குக் காரணம் அம்மாவின் கால். பெரியப்பாவுக்கு வருடம் முழுக்க வெந்நீர் வேண்டும். அடுப்பில் கொதிக்க வைத்து, கூடத்தைத் தாண்டிக் குளியலறைவரை அம்மாதான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவாள். போன மாதம் ஈரத்தரையில் வழுக்கி, வெந்நீரை வலது பாதம் முழுவதும் கொட்டிக்கொண்டாள். அண்டா உருண்ட சத்தம் கேட்டுக் குளியலறைக்குள்ளிருந்து பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணி எல்லாம் போச்சா?"

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். "இதே இடத்துல இன்னொரு தடவை பட்டா வேற இடத்துத் தோலை எடுத்து வெச்சுத் தைக்கணும். இனிமே நீங்க சுடுதண்ணியைத் தூக்கவே கூடாதும்மா."

அப்பா தொலைதூர லாரி ஓட்டுகிறார். விஷயம் தெரிந்ததும் ஹீட்டருக்கும் அதை மாட்டுவதற்கும் சேர்த்தே பணம் அனுப்பிவிட்டார். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக்கை. நாள் முழுக்க அண்ணனின் முகத்தில் விழிக்காதவர்களுக்கு அந்த நம்பிக்கை சுலபம்.

இருபத்தைந்து லிட்டர் ஹீட்டர், எட்டாயிரம். பெரியப்பா பெட்டியைப் பிரிக்காமல் கூடத்தின் நடுவில் வைத்து, மூன்று நாள் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். நான்காம் நாள் எலக்ட்ரீசியன் அக்கா வந்தார். மின்சார வேலை, குழாய் வேலை இரண்டும் பார்ப்பவர். வாசலில் ஒரு பெண் கருவிப் பையோடு நிற்பதைப் பார்த்ததும் பெரியப்பாவின் முகம் சுருங்கியது.

"உங்க வீட்டுக்காரர் வரலியாம்மா?"

"அவருக்கு இங்க என்னங்க வேலை? அவர் தையல்காரர்."

அக்கா குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். மெயின் போர்டைத் திறந்து பார்த்தார். கடைசியாகக் குளியலறைக்கு வெளியே இருக்கும் தண்ணீர் டிரம்மைப் பார்த்தார். என் தோள் உயரத்தில் ஒரு மேடையில் அது உட்கார்ந்திருக்கிறது; அதிலிருந்துதான் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது. பிறகு கூடத்தில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். மொத்தம் பதினோராயிரத்து அறுநூறு.

"ஹீட்டரே எட்டாயிரம். அதை மாட்ட இவ்வளவா? சட்டையை விடப் பட்டன் விலை ஜாஸ்தியா இருக்கே! உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் வாங்குவாரா?"

"பட்டன் வேணாம்னா வெச்சுத் தைக்க மாட்டாருங்க. திறந்து போட்டுட்டுத் தெருவுல நடக்கப் போறது நீங்கதானே?"

நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். பெரியப்பா சிவப்புப் பேனாவை எடுத்தார். எத்தனை நாள் ஆசையோ, மூடியைக் கழற்றும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

"மெயின்லேர்ந்து தனி ஒயரா? டி.வி.க்கு வர்றதும் கரண்டுதானே." அடித்தார். "எர்த்து ஆயிரத்து எண்ணூறு? மண்ணுல கம்பியைப் புதைக்கவா?" அடித்தார். "சூடு தாங்குற பைப்பு. ஏன், சாதா பைப்பு உங்ககிட்ட சுடுதுன்னு அழுதுச்சா?" அதையும் அடித்தார். "டிரம்மை மொட்டை மாடிக்கு ஏத்த ஸ்டாண்டு வேறயா!"

"ஐயா, ஹீட்டர் மேல இருக்கப்போகுது. டிரம் கீழ இருக்கு. தண்ணி உங்களுக்காக ஏறிப் போகாது."

"மெதுவா ஏறும்மா. எல்லாத்துக்கும் அவசரப்பட்டா எப்படி?"

இதைச் சொன்னவர் முப்பது வருடம் ஒரு கிடங்கையே நடத்தியவர். அந்தக் கிடங்கு இன்னும் நின்றுகொண்டிருப்பது ஆச்சரியம்தான்.

அக்கா பையை மூடினார். "நீங்க அடிச்சதெல்லாம் இல்லாம நான் மாட்ட மாட்டேங்க. வேற ஆளைப் பார்த்துக்குங்க." வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மெல்லச் சொன்னார். "எர்த்து இல்லாம யாராவது மாட்டிட்டாங்கன்னா, குளிக்கப் போறதுக்கு முன்னாடி ப்ளக்கைப் பிடுங்கிடு பாப்பா. மறந்துடாதே."

பெரியப்பா பட்டியலைக் கசக்கிப் போட்டார். நான் அதை எடுத்து நீவி, என் நோட்டுக்குள் வைத்தேன்.

வேறு ஆள் மறுநாளே வந்தார். எங்கள் வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டியவர். கம்பி மாட்டுவதைப் போலவே ஹீட்டரையும் கூரையை ஒட்டி மாட்டினார். "உயரத்துல இருந்தாத்தான் கம்பீரம்" என்று பெரியப்பா கீழே நின்று வழி சொன்னார். டி.வி. மேசையிலிருந்து ஒரு நீட்டிப்பு ஒயர் கிளம்பி, கூடத்துச் சுவரெல்லாம் ஊர்ந்து, காற்றோட்ட ஜன்னல் வழியாகக் குளியலறைக்குள் நுழைந்தது. கூலி முந்நூறு. அன்று முழுக்க அந்த முந்நூறைப் பற்றியே பேச்சு.

திறப்பு விழாவுக்குப் பெரியப்பா எதிர்வீட்டு சாரை அழைத்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் எரிந்தன. கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகும் வாடை வந்தது. சிவப்பு அணைந்தது.

"சிவப்பு அணைஞ்சா தண்ணி ரெடின்னு அர்த்தம் சார். புக்குலயே போட்டிருக்கான்" என்று குழாயைத் திறந்தார்.

குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியிருந்தால்தானே வெளியே வரும்?

"பிரஷர் செட்டாகணும். நீங்க ஒரு காபி சாப்பிடுங்க சார்" என்று அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, சமையலறைக்கு வந்து பல்லைக் கடித்தார். "ஒரு அண்டா சீக்கிரம் காய வை. பின்பக்கமா கொண்டுவந்து வாளியில ஊத்து. மானம் போகுது!"

நான் தூக்கப் போனேன். அம்மா என் கையிலிருந்து பிடித்துணியைப் பிடுங்கினாள். "உன் காலும் வெந்து போறதுக்கா? தள்ளுடி." கட்டுப் போட்ட காலைச் சாய்த்துச் சாய்த்து அவளே கொண்டுபோய் ஊற்றினாள். எதிர்வீட்டு சார் வாளிக்குள் விரலை விட்டு, "அடேங்கப்பா! என்னா சூடு!" என்றார். பெரியப்பா ஹீட்டரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் அதேதான். பிரஷர் செட்டாகும்வரை என்று பேச்சு. காலையில் பெரியப்பா சுவிட்சைப் போடுவார். அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். மேலே பச்சை விளக்கு எரிய, கீழே அம்மா அண்டாவைச் சுமப்பாள். நான் அண்டாவுக்குக் கை நீட்டினால் அடி விழும். ப்ளக்கைப் பிடுங்குவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. பிடுங்கியது யாருக்கும் தெரியவும் இல்லை. வெந்நீர் அளவில் எந்தக் குறையும் இல்லையே. ஒன்பதாம் நாள் அம்மாவின் கால்கட்டு நனைந்து, புண்ணின் ஓரம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

அன்று மாலை அப்பா கூப்பிட்டார். பெரியப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஹீட்டர் எப்படிண்ணே இருக்கு?"

"பிரமாதம்டா! பாதிச் செலவை மிச்சம் பண்ணிட்டேன். எதிர்வீட்டுக்காரர் அசந்து போயிட்டார்."

"அவ கால் எப்படி இருக்கு?"

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "ஆறிட்டு வருதுங்க" என்றாள்.

வீட்டில் நான் பேசுவது குறைவு. போனில் அதைவிடக் குறைவு. அப்பாவிடம்கூட "ம்", "சரிப்பா", இரண்டோடு முடிந்துவிடும். அன்று நோட்டிலிருந்து பட்டியலை எடுத்து, மேசைப் பக்கத்தில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன்.

"மெயின்லேர்ந்து தனி ஒயர், மூவாயிரத்து இருநூறு. அடிச்சிருக்கு. எர்த்து, ஆயிரத்து எண்ணூறு. அடிச்சிருக்கு. சூடு தாங்குற பைப்பு, ரெண்டாயிரத்து நானூறு. அடிச்சிருக்கு."

"என்னடி படிக்கிற? வை அதை!" என்றார் பெரியப்பா.

"டிரம்மை மாடிக்கு ஏத்த ஸ்டாண்டு, ஆயிரத்து ஐநூறு. அடிச்சிருக்கு. அதனால ஹீட்டருக்குள்ள தண்ணியே போகலைப்பா. அம்மாதான் இன்னும் அடுப்புலேர்ந்து தூக்குறாங்க. புண்ணு திரும்பப் பொரிஞ்சிருக்கு."

பெரியப்பா வாயைத் திறந்து மூடினார். எங்கள் குளியலறைக் குழாய் மாதிரியே வெறும் காற்றுதான் வந்தது.

"பட்டியல் எழுதின எலக்ட்ரீசியன் நம்பர் இருக்காம்மா?" என்றார் அப்பா.

"அடியில எழுதியிருக்குப்பா. அதை மட்டும் பெரியப்பா அடிக்கல."

அக்கா நான்கு நாள் கழித்துத்தான் வர முடிந்தது. டிரம்மை ஏற்றினார், ஒயர் இழுத்தார், ஹீட்டருக்குள் தண்ணீரில்லாமல் கருகிப்போன காயிலையும் மாற்றினார். பட்டியலில் இல்லாத அந்தச் செலவு தொள்ளாயிரம். அந்த நான்கு நாளும் அம்மா அண்டாவைத் தொடவில்லை. அப்பா தினமும் கூப்பிட்டுக் கேட்டார். பெரியப்பா பச்சைத் தண்ணீரில் குளித்தார். முதல் செம்புக்கு அவர் போட்ட அலறல் எதிர்வீடுவரை கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டு சார் ஓடி வந்து வாசலில் நின்று கேட்டார்.

"என்ன சார், ரொம்பச் சுட்டுடுச்சா?"