ஜாஸ்பரின் ஞானப்பல்

ஏரல் வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறும் ஜாஸ்பருக்கு வலது கடைவாயில் ஞானப்பல் முளைக்கத் தொடங்கிய வாரம், அவன் பக்கத்தில் வைத்த காய்த்தார்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் பழுத்தன. முதல் நாள், கேரளாவுக்குச் சிப்ஸ் போட ஏற்றவிருந்த ஏத்தன் காய் மொத்தமும் மஞ்சளாகிவிட்டது. லாரிக்காரர் கொஞ்சம் சத்தம் போட்டார், பிறகு இரண்டு பழம் உரித்துத் தின்றுவிட்டுப் போனார். கன்னம் வீங்கின பக்கம்தான் வேலை செய்கிறது என்பதை மறுநாளே கண்டுபிடித்தார்கள். இடது பக்கம் வைத்த தார் பச்சையாகவே இருந்தது.

பழத்துக்கு யோகம்தான், ஜாஸ்பர் பாடுதான் திண்டாட்டம். ஈறு வீங்கி, வலி காதுவரை ஏறி, வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்க மறுத்தது. மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டைக்காரன் கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு, ஏலத்தில் விரலை மட்டும் காட்டி நின்றான், பாவம். வலி தொடங்கியதிலிருந்து பத்தாம் நாள் அவனுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி வார்த்தைப்பாடு, அதாவது கல்யாண உறுதிமொழி, சொல்லியாக வேண்டும்.

மண்டிக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "ஏலே, ஒம் பல்லு இன்னும் காயா இருக்கு. மூட்டம் போட்டா தன்னால வெளிய வந்துரும்" என்றார் முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சி. பழுக்கவைக்கும் அறையில் தார்களோடு அவனையும் உட்காரவைத்துப் புகை போட்டுக் கதவைச் சாத்தினார்கள். கால் மணி நேரத்தில் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தான். புகையும் பல்லும் சேர்ந்ததில் உள்ளே நானூறு தாரும் பழுத்திருந்தன. பல் அப்படியே இருந்தது, கன்னம் இன்னொரு சுற்றுப் பெருத்திருந்தது. பல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அண்ணாச்சிக்கு மனசு மாறியது அப்போதுதான். எட்டாம் நாள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, பழத்துக்கு ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தது. "கொடை முடியட்டும்லே, அப்புறம் டாக்டர்ட்ட போவலாம்" என்றார். வேலை கொடுத்தவரை எதிர்த்துப் பேச ஜாஸ்பருக்குக் கூச்சம்.

சாயங்காலம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை முடிந்து, அவன் கட்டிக்கொள்ளப்போகும் ஃபிளோரா நேரே மண்டிக்கு வந்தாள். கன்னத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைவிடக் கோபம் வந்தது. "அண்ணாச்சி, தலைய ஆட்டினா சாமியாரு ஒத்துக்கிட மாட்டாரு. இவங்க வாயத் தொறந்து சொல்லணும். பழம் வேணும்னா நீங்க மூட்டம் போடுங்க, இவங்கள விடுங்க." அண்ணாச்சி ஒரு தாரைத் தடவிக்கொண்டிருக்க, அவள் ஜாஸ்பரைக் கையோடு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"பல்லுக்கா புகை போட்டீங்க?" என்று பல் டாக்டர் பார்கவி ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். பல் பாதிதான் எட்டிப் பார்க்கிறது, அதை மூடியிருக்கும் ஈறுக்கடியில் சோற்றுப் பருக்கை சிக்கிச் சீழ் வைத்திருக்கிறது என்றார். கழுவிச் சுத்தம் செய்து, மாத்திரை எழுதி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். வீக்கம் வற்றியபின் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாமாம். அதற்குள் அவர் பொரியலுக்கு வாங்கி வைத்திருந்த வாழைக்காய் பழுத்துவிட்டது; வேறு வாங்கிவரச் சொல்லி நர்ஸை அனுப்பினார்.

நாலே நாளில் வீக்கம் வற்றியது, பழுப்பதும் நின்றது. கொடைக்கு அண்ணாச்சி புகை போட்டே பழுக்கவைத்தார், ஒன்றும் குறைந்துபோகவில்லை. பத்தாம் நாள் ஜாஸ்பர் வாய் நிறைய வார்த்தைப்பாடு சொன்னான்; ஏலம் கூறிய பழக்கத்தில் அதை மூன்று தரம் சொன்னான். சாமியார் பொறுமையாகக் காத்திருந்தார். மூன்றாம் தரத்தில் ஃபிளோரா சிரித்துக்கொண்டே தன் வார்த்தைப்பாட்டைச் சொன்னாள்.

மறு வருஷம் அவனுக்கு இடது கடைவாய் வீங்கியபோது ஃபிளோரா முதலில் பல் டாக்டருக்குப் போன் போட்டாள். ஆட்டோ வருவதற்குள், வீட்டிலிருந்த காய்த்தாரை எடுத்து அவன் இடது பக்கம் சாய்த்து வைத்தாள்.