ஆஹென் நகரத்து மூன்று ஓட்டுகள்

சேஷாத்ரிக்கு அமெரிக்கா என்றால் பைத்தியம். அந்த நாட்டுக்கு அவன் போனதில்லை. போகிற உத்தேசமும் இல்லை. ஆஹெனில் இயந்திரவியல் படிக்க வந்தவன். விடுதி அறையில் ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைக்காரர்களுக்கான ஒலிபரப்பைக் கேட்டுக் கேட்டே அந்த நாட்டுத் தேர்தலைக் கரைத்துக் குடித்திருந்தான். யாராவது அகப்பட்டால் விடமாட்டான்.

"அங்க ஜனங்க பிரசிடெண்டுக்கு ஓட்டுப் போடறதா நினைச்சுக்கறாங்க. நிஜத்துல ஒவ்வொரு ஸ்டேட்லயும் எலெக்டர்னு சில பேரைத்தான் தேர்ந்தெடுக்கறாங்க. அந்த எலெக்டருங்க டிசம்பர்ல போடற ஓட்டுதான் ஓட்டு" என்று ஆரம்பித்தானென்றால், கேட்கிறவனின் காப்பி ஆறிப்போகும்.

1968ல் அந்தப் பைத்தியத்துக்குத் தமிழ் மன்றமே இடம் கொடுத்தது. ஆஹென் மாணவர்கள், பக்கத்தில் யூலிஷ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர்கள், கொலோனிலும் ஹனோவரிலும் சிதறிக் கிடந்தவர்கள் எல்லாரும் சேர்ந்த மன்றம் அது. வருஷா வருஷம் ஆஹெனில் கூடிக் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பனியில் ரயிலேறி வர முடியாத வெளியூர்க்காரர்கள், எல்லாம் ஆஹென் ராஜ்யம் என்று முணுமுணுப்பார்கள். அந்த வருஷம் சேஷாத்ரி எழுந்து வழி சொன்னான். ஒவ்வொரு ஊரும் ஒரு ஸ்டேட். அவரவர் ஊரிலேயே ஓட்டுப் போடட்டும். ஆஹெனுக்கு மூன்று எலெக்டர், யூலிஷுக்கு இரண்டு, கொலோனுக்கும் ஹனோவருக்கும் ஒவ்வொன்று. ஓர் ஊரில் ஒரே ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த ஊரின் எலெக்டர்கள் அத்தனை பேரும் ஜெயித்தவருடைய ஆட்கள். ஏழு பேரும் டிசம்பரில் கொலோனில் கூடி, எழுந்து நின்று, பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள். மன்றத்தில் நாற்பது பேர்கூட இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. படித்தவர்கள் கூடினால் கொசுவை அடிக்கப் பீரங்கிதான் கொண்டுவருவார்கள்.

சேஷாத்ரியின் அறைத் தோழன் உமாபதி விளையாட்டாகப் போட்டியில் இறங்கினான். "டேய், நீ கட்டின கோயில்ல நானே சாமியா உக்காந்துக்கறேன்" என்று சிரித்து, தன் பக்கத்து எலெக்டர்களில் முதல் பெயராகச் சேஷாத்ரியின் பெயரைக் கொடுத்தான். சேஷாத்ரியும் சந்தோஷமாகத் தலையாட்டினான். எதிர்த்து யாரும் நிற்கப் போவதில்லை என்று அப்போது இருவருமே நினைத்தார்கள்.

அடுத்த வாரம் யூலிஷிலிருந்து கனகவல்லி நிற்பதாகச் செய்தி வந்தது.

கனகவல்லி ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சேஷாத்ரிக்கு அவள்மேல் பிரியம். அதை அவளிடம் சொன்னதில்லை, உமாபதியிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் அவள் வரும் கூட்டங்களுக்கு மட்டும் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருவதை விடுதியே கவனித்துவைத்திருந்தது. செய்தி கேட்டதும் பஸ் ஏறி யூலிஷுக்குப் போய், ஏன் நிற்கிறாய் என்று கேட்டான். அவள் மறைக்கவில்லை.

"அப்பா கிளம்பி வரச் சொல்லிட்டார். தை பொறந்ததும் பொண்ணு பார்க்க வராங்களாம். ரிசர்ச் முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு எழுதினேன். 'மிச்சப் பரிசோதனையைச் சமையலறையில பண்ணிக்கலாம்'னு பதில் வந்தது."

"எலெக்‌ஷனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்கப்பா மன்னார்குடியில கவுன்சிலர். வார்டு வேலைன்னு எங்க அக்கா நிச்சயதார்த்தத்துக்கே வராதவர். நாலு பேர் ஓட்டுப் போட்டுக் குடுத்த பொறுப்பைப் பாதியில போட்டுட்டு வான்னு அவர் வாயால சொல்லவே மாட்டார். எனக்கு அந்த ஒரு வருஷம் கிடைச்சாப் போதும், சேஷாத்ரி."

"உமாபதிகிட்டச் சொல்றேன். விலகிடுவான்."

"கூடாது" என்றாள் கனகவல்லி. "யாரோ விட்டுக்குடுத்ததை வாங்கிட்டு, ஜனங்க தேர்ந்தெடுத்தாங்கன்னு அப்பாகிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஜெயிச்சு வாங்கறேன்."

நவம்பரில் ஓட்டு எண்ணினார்கள். யூலிஷில் ஒன்பதும் கனகவல்லிக்கு. கொலோனிலும் நான்குக்கு ஒன்று என்று அவளுக்கே. ஹனோவரில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் உமாபதியின் உறவுக்காரர்கள், அது அவனுக்கு. ஆஹெனில் மட்டும் இழுபறி. உமாபதிக்கு ஒன்பது, அவளுக்கு எட்டு. அந்த எட்டில் ஒன்று சேஷாத்ரி மடித்துப் போட்டது. ரகசிய ஓட்டு என்பதால் அந்த மட்டும் அவனுக்குத் துணிச்சல் வந்திருந்தது. மொத்தத்தில் அவளுக்கு இருபத்திரண்டு, உமாபதிக்குப் பன்னிரண்டு. எலெக்டர் கணக்கிலோ அவளுக்கு மூன்று, உமாபதிக்கு நான்கு. எல்லாரும் சேஷாத்ரியைப் பார்த்தார்கள். "ரூல்ஸ் ரூல்ஸ்தான்" என்றான் அவன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் வேறு என்னதான் சொல்வான்?

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலெக்டர்கள் கொலோனுக்குப் புறப்பட்டார்கள். உமாபதியும் மற்ற இருவரும் முன் வண்டியில் போய்விட்டார்கள். சேஷாத்ரி அடுத்த வண்டியில் தனியாகப் போனான். யூலிஷ்காரர்கள் ரயிலேறும் ட்யூரன் ஸ்டேஷனில் கனகவல்லி ஏறி அவன் எதிரில் உட்கார்ந்தாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. புடவைக்கு மேல் போட்டிருந்த கனத்த கோட்டைக் கழற்றவில்லை.

"இருபத்திரண்டு பேர் கேட்டும் கிடைக்காதுங்கறது உங்க அமெரிக்காவுல நடந்திருக்கா?"

"நடந்திருக்கு! எய்ட்டீன் எய்ட்டி எய்ட்ல க்ளீவ்லண்ட்னு ஒருத்தர்..." என்று உற்சாகமாகத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அங்க ஒரு எலெக்டர் மனசு மாறி இன்னொருத்தருக்குப் போட்டா என்ன ஆகும்?"

அமெரிக்க அரசியல் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை என்று சேஷாத்ரி படித்திருக்கிறான். தன்னுடைய ஒரு ஓட்டு இடம் மாறினால் நான்கு மூன்றாகும், மூன்று நான்காகும் என்பதும் தெரியும். ஆனால் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருத்திக்காகத் தோழனைக் கவிழ்த்தான் என்று சொல்வார்கள். இஸ்திரிச் சட்டையைப் பற்றிப் பேசுவார்கள். சிரிப்பார்கள்.

"அப்படிப் போட்டாச் செல்லாது" என்றான். "எண்ணும்போது தள்ளிடுவாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டத்தில் பெயர் கூப்பிட்டபோது சேஷாத்ரி எழுந்து, "உமாபதி" என்றான். நான்குக்கு மூன்று. முதலில் கை தட்டியவள் கனகவல்லிதான்.

ஜனவரி முதல் வாரத்தில், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. வட கரோலினாவின் எலெக்டர் ஒருவர், ஒரு டாக்டர், நிக்ஸனுக்குப் போட வேண்டிய ஓட்டை மூன்றாவதாக நின்ற வாலஸுக்குப் போட்டிருந்தார். வாஷிங்டனில் எண்ணும்போது ஆட்சேபம் கிளம்பி, இரண்டு சபைகளும் தனித்தனியே கூடி விவாதித்து, கடைசியில் அந்த ஓட்டு செல்லும் என்று முடிவு செய்துவிட்டன. சேஷாத்ரி முகத்தில் சோப்பு நுரையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். என்னடா ஆச்சு என்று உமாபதி உலுக்கியபோது எல்லாவற்றையும் கொட்டினான்.

"அடப்பாவி" என்றான் உமாபதி. "நீ மாத்திச் சொல்லியிருந்தா நான்தாண்டா முதல்ல கை தட்டியிருப்பேன். எனக்கு எதுக்கு இந்தத் தலைவர் பதவி?"

அதைக் கேட்டபோது சேஷாத்ரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. யாருக்குப் பயந்தானோ அவனே இப்படிச் சொல்கிறான். பாதி முகத்தில் சவரமும் பாதியில் தாடியுமாக யூலிஷுக்கு ஓடினான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஓடினான்.

கனகவல்லி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம்.

"செல்லும்" என்றான் வாசலில் நின்றபடியே, மூச்சு வாங்க. "அந்த ஓட்டு செல்லுமாம், கனகவல்லி. நேத்து முடிவு பண்ணிட்டாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"செல்லுமா செல்லாதான்னு தெரிஞ்சுக்கவா நான் ட்யூரன்ல நின்னேன்? முன் வண்டியில உமாபதி கையாட்டிக் கூப்பிட்டார், நீங்க அதுல இல்ல. ஏறல. நீங்க வர வண்டிக்காகக் குளிர்ல நின்னுட்டிருந்தேன்."

சேஷாத்ரியின் கை சவரம் செய்யாத பாதிக் கன்னத்துக்குப் போயிற்று.

"நீங்க எழுந்து என் பேரைச் சொல்லி, அது செல்லாதுன்னு அவங்க தள்ளியிருந்தாக்கூட, அப்பாவுக்கு எழுத எனக்கு வேற ஒரு காரணம் கிடைச்சிருக்கும்."

அந்தக் காரணம் எதுவென்று அவனுக்குப் புரிந்தது. இப்போதாவது தன் மனசைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். கனகவல்லி சற்று நேரம் காத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியை மூடினாள். சாமான் அதிகம், பூட்டு சேரவில்லை. சேஷாத்ரி கிட்டப் போய், மூடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அது பூட்டிக்கொள்ளும்வரை அழுத்திக் கொடுத்தான்.